அப்பாசாமிக்குப் போட்ட இலை

சந்திரமதி கல்யாணமாகி மலாக்காவின் காஜா பெராங்குக்கு வந்த வருஷமே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அந்த வீட்டில் செத்தவர்கள் போய்விடுவதில்லை; வருஷத்துக்கு இரண்டு தடவை சாப்பிட வருகிறார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு தடவை. ரம்புத்தானும் மங்குஸ்தீனும் பழுத்து, தெருவெல்லாம் டுரியான் மணக்கும் மாதங்களில் இன்னொரு தடவை. அதற்குப் பர்ச்சு என்று பெயர். சுவரில் மாட்டிய படங்களுக்கு முன்னால் வாழையிலை போட்டு, உயிரோடு இருந்தபோது யாருக்கு எது பிடித்ததோ அதைப் பரிமாறி, சாம்பிராணி போட்டுவிட்டு, வீட்டார் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் யாரும் உரக்கப் பேசக் கூடாது. பிறகு வீட்டுக்கு மூத்தவர் கதவை மெல்லத் தட்டிவிட்டுத் திறப்பார். அவர்கள் மிச்சம் வைத்ததைத்தான் இருப்பவர்கள் சாப்பிட வேண்டும்.

சந்திரமதி புக்கிட் காதில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பேய்க்குப் பயப்படத் தெரியும். பேய்க்கு டம்ளர் கழுவி வைக்கத் தெரியாது. புகுந்த வீடு தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்த குடும்பம்; சாமி பெயர்களும் சொந்தக்காரர் பெயர்களும் தமிழாக இருந்தன, பேச்சு மட்டும் மலாய். அவள் கணவன் தம்பிராஜா நில அலுவலகத்தில் கிராணி, எழுத்தர் வேலை. அவளைக் கட்டிய பிறகுதான் அவன் தமிழை ஒழுங்காகப் பேசக் கற்றான். அவனுடைய அக்கா ருக்மணி, புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், பாதி மலாயும் பாதி தமிழுமாகப் பேசுவாள். கோபம் வந்தால் முழுக்க மலாய்.

சுவரில் இருந்த படங்களில் கடைசிப் படம் அப்பாசாமியுடையது. தம்பிராஜாவின் அப்பா. மனுஷன் சாயங்காலமானால் சம்சு சாராயம் குடிப்பார். ஒரு நாள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று ரத்தமாக வாந்தியெடுத்தார். பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவன் தம்பிராஜா. அப்போது அவனுக்கு மீசை அரும்பிய வயது. பாத்திரம் நிரம்பியது, இன்னொன்று வந்தது, அதுவும் நிரம்பியது. எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று தெருவே சொன்னது. அன்றிலிருந்து தம்பிராஜா சம்சு இருக்கும் பக்கம்கூடத் திரும்பியதில்லை.

அப்படிப்பட்டவன், நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் சித்திரை மாதத்தில், அலுவலகம் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, அதே கூடத்தில் அதேபோல் வாந்தியெடுத்தான். ருக்மணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "அப்பா மாதிரியே," என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அப்போது டாக்டர் சேதுராமன் என்று ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது போலிருந்தது. முதலில் தம்பிராஜாவின் மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயை இறக்கினார். அதில் இரண்டு பலூன்கள். கீழ்ப் பலூனை வயிற்றுக்குள் ஊதி, குழாயை மேலே இழுத்துக் கட்டினார். மேல் பலூனை உணவுக்குழாய்க்குள் ஊதினார். விரலில் வெட்டுப்பட்டால் அழுத்திப் பிடிக்கிறோமே, அதே வேலையை உள்ளே அந்தப் பலூன் செய்தது. ரத்தம் நின்றது. ஆனால் அழுத்திய கையை எப்போதும் எடுக்காமல் வைத்திருக்க முடியாது. அதனால் அடுத்த நாள் மயக்க மருந்து கொடுத்து, தலையை மேசை விளிம்புக்கு வெளியே பின்னால் தொங்கவிட்டு, நுனியில் சின்ன விளக்கு எரியும் ஒரு நேரான இரும்புக் குழலை வாய் வழியாக உள்ளே விட்டார். அந்தக் குழலுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் அடியில் ரத்தக்குழாய்கள் நீலமாகப் புடைத்து நெளிந்தன. நீளமான ஊசியைக் குழலுக்குள் நுழைத்து அவற்றில் ஒரு மருந்தை ஏற்றினார். மருந்து ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும். அங்கே ரத்தம் உறையும். புண் ஆறும்போது தழும்பாகி வழி அடைபடும். காயப்படுத்தித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

"இது ஏன் வந்துச்சு டாக்டர்?" என்று தம்பிராஜா பேச்சு வந்ததும் கேட்டான். தொண்டை கீறிப் போயிருந்தது.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "வயித்துலயும் குடல்லயும் ஓடற ரத்தம் நேரா நெஞ்சுக்குப் போறதில்ல, தம்பிராஜா. முதல்ல கல்லீரலுக்குள்ள புகுந்து, பஞ்சுக்குள்ள தண்ணி எறங்கற மாதிரி எறங்கி, அப்புறம்தான் போகும். உங்க பஞ்சு காஞ்சு இறுகிப் போச்சு. சரி, கடல் ஏறும்போது மலாக்கா ஆத்துத் தண்ணி என்ன செய்யும்?"

"நிக்கும்."

"அப்பப் பார்த்து மழையும் பெஞ்சா?"

"தெரு லோங்காங் நிரம்பி, சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வரும்."

"அதேதான். போற வழி அடைச்சா சின்னச் சின்ன லோங்காங்ல எல்லாம் ஏறும். உங்களுக்குத் தொண்டைக்கும் வயித்துக்கும் நடுவுல ஏறி நிக்குது. அது தாங்கற அளவுக்குக் கட்டின லோங்காங் இல்ல. ஒடையும்."

"நான் குடிக்கறதே இல்லயே."

"ஜப்பான்காரன் காலத்துல காமாலை வந்துச்சுன்னீங்க இல்ல? சில பேருக்கு அது வெளிய பார்த்தா போன மாதிரி இருக்கும், உள்ள கல்லீரலை விட்டுப் போகாது. உங்கப்பா குடிப்பாரா?"

"குடிப்பாரு."

"அப்ப அவருக்கு இருந்ததும் இதேதான். செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு இந்தக் குழாய் நம்ம பக்கம் வரல, அவ்வளவுதான்."

டாக்டர் எழுந்து போன பிறகு தம்பிராஜா சந்திரமதியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அப்பாவுக்கு இது தெரியாதே, மதி. இன்னமும் யாரோ தன்னைக் கொன்னுட்டாங்கன்னுதான் நெனச்சுக்கிட்டு இருப்பாரு."

அவள் பேச்சை மாற்ற ஆரஞ்சை உரித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளைத் தனியாக நிறுத்திச் சொன்னார். கல்லீரலை அவர் சரிசெய்யவில்லை; ஒரு கதவைத்தான் அடைத்திருக்கிறார்; தண்ணீர் வேறு கதவைத் தேடும். மெர்டேக்கா கழிந்ததும் மறுபடி குழலை விட்டுப் பார்த்து ஊசி போட வேண்டும். அதற்குள் கசிந்தால் எப்போதும் வாந்தியாகத்தான் வரும் என்றில்லை. ரத்தம் குடல் வழியாக இறங்கிப் போகும்போது செரித்து, கறுத்து, தார்போல் மலத்தோடு வரும். "வலிக்காது. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாரு. நீங்க கேக்காதீங்க, கூட்டிட்டு வாங்க." இன்னொன்றும் சொன்னார். குடலில் கிடக்கும் ரத்தம் நஞ்சாகும்; நல்ல கல்லீரல் அதை வடிகட்டிவிடும், இவனுடையது வடிகட்டாது. நஞ்சு மூளைக்கு ஏறினால் பகலில் தூங்குவான், இரவில் விழித்திருப்பான், பேச்சு தடம் மாறும். "சந்தேகமா இருந்தா ரெண்டு கையையும் நீட்டி, பஸ்ஸை நிறுத்தற மாதிரி காட்டச் சொல்லுங்க. கை நிக்காம படபடன்னு விழுந்து விழுந்து எழுந்துச்சுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க."

சந்திரமதி தினமும் கேட்டாள். "கறுப்பா இல்லயே?" தம்பிராஜா சிரிப்பான். "நில ஆபீஸ்லகூட இவ்வளவு விசாரணை இல்ல."

பழப் பர்ச்சு வந்தது. அப்பாசாமிக்கு ரொம்பப் பிடித்தது கெலுவாக் போட்ட கோழி. கெலுவாக் ஒரு காட்டுக் கொட்டை, கல்போல் ஓடு. பச்சையாகத் தின்றால் ஆளைக் கொல்லும் விஷம். சாம்பலில் புதைத்து, பிறகு தண்ணீரில் நாள்கணக்காக ஊறவைத்து, ருக்மணி விஷத்தை எடுப்பாள். ஓட்டின் வாயைத் தட்டித் திறந்தால் உள்ளே சதை கரிய மைபோல் இருக்கும். புளியும் மிளகாயும் சேர்ந்து கொதித்தால் குழம்பே கறுத்துவிடும். சாப்பிட்டவர்களின் பல்லும் நாக்கும் கறுக்கும். சந்திரமதிக்கு முதல் வருஷம் அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இப்போது இரண்டாவது தடவை கேட்டு வாங்குவாள்.

அந்த முறை அவள் ஒரே ஒரு காரியத்துக்குக் கெஞ்சினாள். அப்பாசாமியின் இலைக்குப் பக்கத்தில் வழக்கமாக வைக்கும் சம்சு கிளாஸ் வேண்டாம். மிச்சத்தை மகன் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அப்பா கேப்பாரு," என்றாள் ருக்மணி.

"கேட்டா நான் சொல்லிக்கறேன், அக்கா."

"நீ சொல்லுவியா? அவர் உயிரோட இருந்தப்பவே யார் பேச்சையும் கேக்கல." ஆனாலும் கிளாஸை அலமாரியிலேயே விட்டுவிட்டாள். கதவு சாத்தப்பட்டது. வாசலில் எல்லோரும் நின்றார்கள். சந்திரமதி அன்றைக்கு மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே இலை சரசரத்ததுபோல் இருந்தது. காற்றாக இருக்கும். கதவு திறந்தபோது எல்லாம் வைத்தபடிதான் இருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். தம்பிராஜா கொட்டைக்குள் சின்னக் கரண்டி விட்டுச் சுரண்டிச் சுரண்டித் தின்றான்.

மறுநாள் காலை, அவள் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான். "கறுப்புதான். நெஞ்சில கை வைக்காத. அக்காவோட கெலுவாக்."

அவளுக்கு உயிர் வந்தது. அவளுடையதும் கறுப்பாகத்தான் இருந்தது. வீட்டில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான். அதைப் பற்றி வருஷா வருஷம் சிரிப்பதும் உண்டு. அடுத்த நாளும் அவன் "இன்னும் கெலுவாக்" என்றான். நிறையச் சாப்பிட்டானே என்று நினைத்துக்கொண்டாள். வெயில் கடுமையாக இருந்ததால் பகலில் அவன் தூங்கியதும் அவளுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

அதற்கும் அடுத்த நாள் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அலுவலகம் கிளம்பினான். அவிழ்த்துப் போட்டுவிட்டாள், மறுபடி மாற்றிப் போட்டான். "இன்னைக்கு லீவு போடுங்க" என்றாள். பேசாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மதியம் சமையலறையிலிருந்து அவள் திரும்பி வந்தபோது எதிரே கிடந்த காலி நாற்காலியிடம் அவன் மலாயில் பேசிக்கொண்டிருந்தான். பொறுமையாக, ஒரு மனுவை விளக்குவதுபோல.

"யார்கிட்ட பேசறீங்க?"

"அப்பா வந்திருக்காரு." அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "லோங்காங்கைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன். பாதிதான் சொல்லியிருக்கேன்."

ருக்மணி அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. வரவேண்டியவர் வந்துவிட்டார் என்கிற களைப்புதான் இருந்தது. "கிளாஸ் வைக்கல. சொன்னேன் இல்ல?" என்றாள். அலமாரியிலிருந்து கிளாஸை எடுத்தாள். தெருமுனைக்கு ஆளனுப்பிச் சம்சு வரவழைத்தாள். படத்துக்கு முன்னால் புது இலை போட்டு, கிளாஸை நிரப்பி வைத்து, சாம்பிராணி ஏற்றினாள். "எல்லாரும் வெளிய வாங்க. அப்பா குடிச்சதும் தம்பி நாக்குல ஒரு சொட்டு வைக்கலாம். அவர் போயிடுவாரு."

"வேணாம், அக்கா."

"உன் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி உக்காந்திருக்கான்."

அந்தச் சொல் சந்திரமதியைத் தைத்தது. உண்மையாக இருந்தால்? நாற்காலியில் யாரும் இல்லை. ஆனாலும் அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கம் முகம் இருக்குமோ, அந்த உயரத்தில்தான் தம்பிராஜாவின் கண்கள் நிலைத்திருந்தன. அவளும் அந்த இடத்தைப் பார்க்கப் பயந்தாள். பிறகு சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது.

"அக்கா, உங்களுக்குக் கறுப்பா போறது எப்ப நின்னுச்சு?"

"என்ன?"

"வெளிக்குப் போறது. கெலுவாக்."

ருக்மணி அவளை முறைத்தாள். "இங்க அப்பா உக்காந்திருக்காரு. நீ எதைக் கேக்கற?"

"சொல்லுங்க."

"நேத்தே சரியாப் போச்சு. என்னைவிடவா அவன் தின்னான்? பானையை வழிச்சதே நான்தான்."

சந்திரமதிக்கும் நேற்றே சரியாகிவிட்டது. அவள் கொல்லைப்புறக் கக்கூஸுக்கு ஓடினாள். வாளிக்குள் குனிந்து பார்த்தாள். கெலுவாக்கின் கறுப்பு மந்தமானது, மண்போல. இது பளபளத்தது, ரோடு போடுகிறவன் ஊற்றிய தார்போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. நாற்றமும் வீட்டு நாற்றமாக இல்லை. பழைய இரும்பு வாசம் அடியில் இருந்தது.

திரும்பி வந்து கணவன் எதிரே குனிந்தாள், காலி நாற்காலிக்கும் அவனுக்கும் நடுவில். "ரெண்டு கையையும் நீட்டுங்க. பஸ்ஸை நிறுத்துங்க."

குழந்தைபோல் நீட்டினான். மணிக்கட்டை மேலே தூக்கினான். ஒரு கணம் கைகள் நின்றன. பிறகு தொப்பென்று சரிந்தன, எழுந்தன, சரிந்தன. எதிரே இருக்கும் யாரையோ வா வா என்று கூப்பிடுவதுபோல் இருந்தது அது.

"அப்பாவைக் கூப்பிடறான்," என்றாள் ருக்மணி. குரல் உடைந்திருந்தது.

"இல்ல, அக்கா. ரத்தம் உள்ள கசியுது. மூணு நாளா கசியுது. நம்ம எல்லாரும் கெலுவாக்குன்னு சிரிச்சுக்கிட்டு இருந்தோம். அப்பாவுக்கு வந்தது இதுதான். அவரைக் காப்பாத்த அன்னைக்கு ஒண்ணும் இல்ல. இவரைக் காப்பாத்த அந்தக் குழாய் இருக்கு."

ருக்மணி கிளாஸைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அப்பாசாமி வாந்தியெடுத்த அன்று தம்பிராஜாவின் கையில் பாத்திரம் மாற்றிக் கொடுத்தவளும் அவள்தான். அதைச் சந்திரமதி அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். ருக்மணி செருப்புப் போடாமல் தெருவுக்கு ஓடி, பெச்சா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் பிச்சையைக் கையோடு இழுத்து வந்தாள்.

பெச்சாவில் ஏற்றும்போது தம்பிராஜா இடப்பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தான். "உள்ள தள்ளி உக்காருங்க, நான் ஏறணும்," என்றாள் சந்திரமதி.

"அப்பாவுக்கு இடம் வேணும் இல்ல."

அவள் மிஞ்சிய விளிம்பில் ஒட்டி உட்கார்ந்து போனாள். ஏன் அவனைத் தள்ளவில்லை என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

வழியெல்லாம் மெர்டேக்காவுக்காக வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணிமேல் நின்று கலர் பல்பு மாட்டிக்கொண்டிருந்த ஆட்கள் கீழே பார்த்தார்கள். தம்பிராஜாவின் நீட்டிய கை மடங்கி மடங்கி விழுந்துகொண்டிருந்தது. யாரோ தெரிந்த கிராணி கையசைக்கிறார் என்று நினைத்து ஒருவன் சிரித்தபடி பதிலுக்குக் கையசைத்தான். பக்கத்தில் இருந்தவனும் அசைத்தான். "மெர்டேக்கா!" என்று ஒருவன் கத்தினான். சந்திரமதி கணவனின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடிக்குள்ளும் அது துடித்தது.

ஆஸ்பத்திரிப் படியில் கால் வைத்ததும் அவன் வாந்தியெடுத்தான். இந்த முறை சிவப்பாகவே வந்தது. யாரோ பாத்திரம் கொண்டுவந்தார்கள். அது நிரம்புவதற்குள் டாக்டர் சேதுராமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பலூன் குழாய் இறங்கியது. ரத்தம் ஏற்றினார்கள். குடலில் கிடந்த நஞ்சைக் கழுவி எடுத்தார்கள். மறுநாள் காலை இரும்புக் குழல் மறுபடி உள்ளே போனது. வெளியே பெஞ்சில் ருக்மணியும் சந்திரமதியும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து வீட்டுக்குப் போனேன்," என்றாள் ருக்மணி. "கிளாஸ்ல பாதிதான் இருந்துச்சு."

சந்திரமதி திரும்பிப் பார்த்தாள்.

"வெயில்ல காஞ்சிருக்கும். இல்லன்னா பூனை. மிச்சத்தை லோங்காங்ல ஊத்திட்டேன்."



டாக்டர் வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை. பழைய இடம் நன்றாக அடைபட்டிருந்தது, அதற்குக் கீழே புதிதாக ஒன்று புடைத்து வெடித்திருந்தது, அதிலும் ஊசி போட்டாயிற்று என்றார். "இன்னும் ஒரு நாள் தாமதிச்சிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இது முடிஞ்சு போச்சுன்னு நெனைக்காதீங்க, அம்மா. ஆனா இப்போதைக்கு நின்னுருக்கு."

நான்கைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம். தம்பிராஜா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கிழமை கேட்டால் சரியாகச் சொன்னான். மெர்டேக்காவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று அவனே கணக்குச் சொன்னான். டாக்டர் வந்து, "நிறுத்துங்க பஸ்ஸை," என்றார். தம்பிராஜா இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டைத் தூக்கினான். கைகள் சுவரில் அறைந்த ஆணிபோல் நின்றன. டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "மூளையில இருந்த நஞ்சு போயிடுச்சு. இனிமே இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியாது." அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சந்திரமதிக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மதி," என்றான் தம்பிராஜா. குரல் தெளிவாக இருந்தது, பழைய குரல். "எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டேன். பஞ்சு, லோங்காங், பலூன், ஊசி, எல்லாம். யாரும் உங்களைக் கொல்லலப்பான்னு சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாரு. புரிஞ்சுதுன்னாரு."

"எப்ப? பெச்சாவுலயா?"

அவன் அவளைத் தாண்டி, வார்டின் வாசலைப் பார்த்தான். அங்கே வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. வலக்கையைத் தூக்கினான். ஒரு தடவை, மெதுவாக, விடை கொடுக்கிறவர்கள் அசைப்பதுபோல் அசைத்தான்.

சந்திரமதி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை.